எண்ணும்போது பேசாதீர்கள்

100 நோட்டு உள்ள ஒரு கட்டை எண்ணி முடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. இடது கை விரல்களுக்கு நடுவில் கட்டைச் செருகிக்கொண்டு, வலது கை விரலை ஈர ஸ்பாஞ்சில் தொட்டு ஓட்டினால் நோட்டு தானாக மடங்கி விழும். காசாளர் வேலையில் இருக்கும் எவருக்கும் வருகிற பழக்கம்தான் இது, பெருமைப்பட ஒன்றுமில்லை. எண்ணிக்கொண்டே பேசுவேன் என்பதுதான் என் பெருமை. எதிரில் நிற்பவரிடம் நாற்று விட்டாச்சா என்று கேட்பேன். பக்கத்து மேசைக்காரர் ஒரு பேரைச் சொன்னால் கணக்கு எண்ணைத் திருப்பிச் சொல்வேன். கட்டை மேசையில் வைக்கும்போது 100 சரியாக இருக்கும். வடவாற்றங்கரையில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 22 வருஷம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

2021 நவம்பரில், சிகிச்சை எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். ஒரு பெரியவருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தெரிந்தவர். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். 63இல் இருந்தேன். "பாப்பா, சின்ன மருமவ முழுகாம இருக்கு" என்றார். நல்ல சேதி. தலையைத் தூக்கிச் சிரித்தேன். குனிந்து பார்த்தால் 63 இல்லை. 36ஆ, 53ஆ, எதுவுமே இல்லை. கையில் பாதிக் கட்டு நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். 20ஐத் தாண்டும்போது அவர் இன்னும் ஏதோ சொன்னார். "கொஞ்சம் சும்மா இருங்க பெரியப்பா" என்று கத்திவிட்டேன். சங்கமே திரும்பிப் பார்த்தது. அவர் பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

கட்டி கண்டுபிடித்தது, ஆபரேஷன், முடி கொட்டியது, இதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சுருக்கமாகத் தாண்டிப் போகிறேன். இடது மார்பில் புற்றுநோய், இரண்டாம் நிலை, ஹார்மோன் வகை. 2020 டிசம்பரில் ஆபரேஷன். ஜனவரியிலிருந்து கீமோ. 21 நாளைக்கு ஒன்றாக 4 முறை சிவப்பு மருந்து. பிறகு வாரம் ஒன்றாக 12 முறை பாக்லிடாக்சல். அதன் பிறகு கதிர்வீச்சு. பிப்ரவரியில் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்து சங்கத்தில் எல்லோரும் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது நான் கட்டிலில் படுத்து ஐஸ் துண்டு சப்பிக்கொண்டிருந்தேன். மே மாத ஊரடங்கில் சோதனைச்சாவடிகளில் மருத்துவச் சீட்டைக் காட்டிக் காட்டித் திருச்சிக்குக் கார் போனது.

சிவப்பு மருந்தைப் பற்றி மட்டும் ஒன்று. டாக்சோரூபிசின் என்று பேர். அட்ரியாமைசின் என்றும் சொல்வார்கள், இத்தாலியை ஒட்டிய அட்ரியாடிக் கடலை வைத்து வந்த பேர். இத்தாலியில் ஒரு பழைய கோட்டை பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரின் வகைதான் அதன் மூலம். பாக்லிடாக்சல் வந்தது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து. "இங்கிலீஷ் மருந்து உடம்புக்குச் சூடு, மண்ணுல மரத்துல வர்றதைத் தின்னு" என்று எனக்கு அறிவுரை சொல்லாத சொந்தக்காரர் இல்லை. மண்ணும் மரமும்தான் ஊசியில் ஏறுகிறது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

வேலைக்குப் போன பிறகுதான் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது என நினைக்காதீர்கள். வீட்டில் முன்பே தெரிந்திருந்தது. முதலில் போனது விசில். குக்கரில் பருப்புக்கு 4 விசில். அடுப்படியில் நின்றுகொண்டே எண்ண முடியவில்லை. இரண்டாவது விசிலுக்கு அப்புறம் போன் அடித்தால், வந்தது இரண்டா மூன்றா என்று குழம்புவேன். பருப்பு ஒரு நாள் கல், ஒரு நாள் கூழ். கடைசியில் அடுப்பு மேடையில் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை வைத்தேன். ஒரு விசிலுக்கு ஒரு கொட்டையை வெளியே எடுத்துப் போட வேண்டும். பல்லாங்குழி ஆடுகிறாயா என்று அத்தை கேட்டார். இன்றும் அந்தக் கிண்ணம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது சொற்கள். பெரிய சொற்கள் எங்கும் போகவில்லை. அசல், வட்டி, தவணை தவறிய கடன், எல்லாம் பத்திரமாக இருந்தன. போனவை வீட்டுச் சொற்கள். சல்லடை வேண்டும், சொல் வரவில்லை. "அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே, மாவு சலிக்கிறது." சலிக்கிறது என்று வருகிறது, சல்லடை வருவதில்லை! மகள் அதை ஒரு விளையாட்டாக்கினாள். நான் பாதியில் நின்றால் அவள் வேண்டுமென்றே தப்பான பொருளாகச் சொல்வாள்: "யானையா? ரயிலா?" சிரித்து முடிப்பதற்குள் சொல் வந்துவிடும். அவள் அப்பா நல்ல மனுஷர், ஆனால் அவருக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது. நான் வாயைத் திறந்து நிற்கும்போதே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார். கொஞ்ச நாளில் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்கும் கேள்விக்கும் அவரே பதில் சொல்ல ஆரம்பித்தார். "ஏங்க, என்னைத்தானே கேட்டாங்க" என்று ஒரு ராத்திரி சண்டை பிடித்தேன். உதவிதானே செய்தேன் என்றார். உதவிதான்.

தங்கச்சி மகளின் வளைகாப்பில் அந்தப் பெண்ணின் பேரே எனக்கு வரவில்லை. நான் தூக்கி வளர்த்த குழந்தை. வளையலைப் போட்டுவிட்டு "நல்லா இரு கண்ணு" என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து மதியம் முழுக்கப் படுத்தே கிடந்தேன். வெட்கத்தைவிட அசதிதான் அதிகம். பத்து பேர் பேசும் கூடத்தில் இரண்டு மணி நேரம் இருந்தால் வயலில் நாள் முழுக்க நடவு நட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இந்த அசதியை யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

பரிசோதனைக்குப் போனபோது புற்றுநோய் மருத்துவரிடம் சொன்னேன். "47 வயசு. கீமோவுல பீரியட்ஸ் நின்னுருக்கு. தூக்கம் இல்லைங்கறீங்க. எல்லாம் சேர்ந்து இருக்கும். பயப்படாதீங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார். வெளியே மருந்து ஏற்றும் அறையில் இருந்த நர்ஸ் பெண்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். சொன்னேன். "அக்கா, அதுக்குப் பேரு கீமோ பிரெயின். நிறைய பேரு சொல்றாங்க. டாக்டர்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எங்ககிட்டதான் சொல்லுவாங்க." இருபத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. அன்றைக்கு அவள் சொன்ன அந்த ஒரு பேருக்காகப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பேர் இல்லாத வரைக்கும் அது என் சோம்பேறித்தனம், என் கவனக்குறைவு. பேர் வந்த பிறகு அது வியாதியின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதின மாதிரி.

பிறகு மகள் தேடித் தேடிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 581 பெண்களையும் புற்றுநோய் இல்லாத 364 பெண்களையும் தொடர்ந்து கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கீமோ முடிந்து 6 மாதம் ஆன பிறகும் முன்பைவிடத் தலை மந்தமாகிவிட்டதாகச் சொன்னவர்கள் நோயாளிகளில் 36.5 சதவீதம், மற்றவர்களில் 13.6 சதவீதம். இரண்டு எண்ணையும் பார்த்தேன். "எல்லாருக்கும்தான் மறதி" என்று என்னிடம் சொன்னவர்கள் அந்த 13.6ஐச் சொல்கிறார்கள். மீதி எங்கள் கணக்கு.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சோதித்து எண்ணாகப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். ஏசி அறை, கதவு சாத்தியிருந்தது. 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை. ஒரு கனசதுரம் வரைய வேண்டும். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிஷம் காட்ட வேண்டும். 5 சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். பிறகு 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். வட்டிக்கணக்குப் போட்டே 22 வருஷம் ஓட்டியவளிடம்! 93, 86, 79, 72, 65 என்று மூச்சு விடாமல் சொன்னேன். 30க்கு 28 வந்தது. 26 வாங்கினாலே போதுமாம். "நார்மல்மா" என்று மருத்துவர் சிரித்தார். வயதானவர்களுக்கு நினைவு மங்க ஆரம்பிப்பதைக் கண்டுபிடிக்கச் செய்த சோதனை அது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த அறையில் குக்கர் இல்லை. போன் அடிக்கவில்லை. யாரும் மருமகள் முழுகாமல் இருப்பதாகச் சொல்லவில்லை.

எனக்கு நேர்ந்தது என்ன என்பது அந்த அறையை விட்டு வெளியே வரும்போதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு வேலையாகக் கொடுத்தால் செய்துவிடுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு முடியவில்லை. வாய்க்காலில் ஒரு மடையைத் திறந்தால் இன்னொரு மடையில் தண்ணீர் நின்றுபோகிறது. அதோடு இன்னொன்று: அந்த 28ஐ வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் தூங்கினேன். மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

இதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது, நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது. 2007இல் வெளியானது. ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரிகள். ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோ கொடுத்தார்கள். இன்னொருவருக்கு நோயே இல்லை. சோதனைத் தாளில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கீமோ எடுத்தவர் தனக்குத் தலை சரியில்லை என்று நிறையவே குறை சொன்னார். ஸ்கேனில் வைத்து நினைவுக் கணக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அதே வேலைக்கு அவருடைய மூளையில் அதிக இடங்கள் வேலை செய்தன. ஒரே ஒரு ஜோடி, அதை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் அந்த அக்காவோ தங்கையோ, முகம் தெரியாதவர், எனக்குச் சொந்தக்காரி மாதிரி. அதே 100 நோட்டைத்தான் எண்ணுகிறோம், நோயில்லாத அவள் உடன்பிறப்பு ஒரு விரலால், அவளும் நானும் பத்து விரலால்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடைக்காது. சிவப்பு மருந்து மூளைக்குள் அவ்வளவாகப் போவதே இல்லை, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. மருந்து உடம்பில் கிளப்பும் அழற்சியின் ரசாயனச் சேதிகள் அந்தத் தடுப்பைத் தாண்டிப்போய் வேலை செய்கின்றன என்பது ஆய்வாளர்கள் அதிகம் சொல்லும் வழி. கீமோவுக்கு முன்பு கொடுக்கும் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். மாதவிடாய் திடீரென்று நின்றுபோனது ஒரு பக்கம். சில பெண்களுக்குக் கீமோ தொடங்கும் முன்பே சோதனையில் குறைகிறது என்றும் கண்டிருக்கிறார்கள், பயமும் நோயும் சேர்ந்து செய்வது. ராத்திரி நான் போடும் 20 மில்லிகிராம் டமாக்சிபெனுக்கும் பங்கு இருக்கலாம். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் ஒரு வருஷம் டமாக்சிபென் சாப்பிட்டவர்கள் சொல் நினைவில் பின்தங்கினார்கள், எக்செமெஸ்டேன் என்ற வேறு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அப்படித் தெரியவில்லை. இதைப் படித்த ராத்திரி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டுவிட்டுத்தான் படுத்தேன். நோய் திரும்பாமல் இருக்கப் போடுவது அது, கணக்கு மறந்துபோகிறது என்பதற்காக விடுகிற சாமான் இல்லை. மருத்துவரிடம் கேட்டேன், தொடரச் சொன்னார். தொடர்கிறேன்.

வல்லாரையைச் சொல்லாமல் விட்டால் ஊர் என்னை மன்னிக்காது. தெரிந்தவர்கள் எல்லோரும் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்தார்கள். துவையல், பொரியல், தோசை மாவில்கூட அரைத்துப் போட்டோம். துவையல் நன்றாகவே இருந்தது. பொடி, லேகியம் என்று சிலர் வந்தபோது மட்டும் மாத்திரையோடு சேருமோ சேராதோ என்று மருத்துவரைச் சொல்லித் தப்பித்தேன்.

இதற்கெல்லாம் நடுவில் வேலை. நான் திரும்பிய அதே நவம்பரில்தான் நகைக்கடன் தள்ளுபடி அரசாணை வந்தது. 5 பவுனுக்கு உட்பட்ட கடன். கேட்க எளிது. ஆனால் குடும்ப அட்டை, ஆதார், ஒரே குடும்பத்தில் எத்தனை பேர் எத்தனை கடன், மொத்தம் 40 கிராமைத் தாண்டுகிறதா என்று ஆள் ஆளாகச் சரிபார்க்க வேண்டும். வெளியே கூட்டம், உள்ளே போன். நகை திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒரே பேர், ஒரே முன்னெழுத்து உள்ள இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். பெட்டகத்திலிருந்து ஒரு நகைப் பையை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். நகை மதிப்பீட்டாளர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எண் வேறு. இவருடையது ஒரு சங்கிலி, நான் எடுத்து வந்தது இன்னொருவரின் தோடும் மோதிரமும். அவர் சத்தமே போடாமல் பையை என் பக்கம் தள்ளினார். நான் போய் மாற்றி எடுத்து வந்தேன். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் கை மட்டும் சாயங்காலம் வரை நடுங்கியது.

மறுநாள் நானே செயலாளரிடம் போய்ச் சொன்னேன். "கொஞ்ச நாளைக்குப் பின்னால உக்காருங்கக்கா, ரெக்கார்டு பாருங்க" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். பின்னறையில் பழைய பேரேடுகள், ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல். ஒரு நேரத்தில் ஒரு வேலை, யாரும் கூப்பிட மாட்டார்கள். என் தலைக்கு அது சொர்க்கம். ஆனால் ஜன்னல் வழியாக என் நாற்காலியில் வேறொரு பெண் நோட்டு எண்ணுவது தெரியும். எண்ணிக்கொண்டே சிரித்துப் பேசுவாள். "உயிர் பொழைச்சதே பெரிசு, இதுக்கெல்லாம் கவலைப்படலாமா" என்று ஆறுதல் சொன்னவர்களை நான் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஒருவரிடமும் மேற்கொண்டு பேச முடியாது, கவனித்திருக்கிறீர்களா? உயிர் பிழைத்தேன். அந்த உயிரைக் கொண்டு என்ன செய்துகொண்டிருந்தேனோ, அதைத்தான் கேட்கிறேன்.

பின்னறையில் மூன்று, நான்கு மாதம். காலையில் ஆற்றங்கரையில் 45 நிமிஷம் வேகமாக நடப்பேன். மற்ற எதையும்விட அது உதவியது என்பது என் அனுபவம், ஆய்வுகளும் உடற்பயிற்சியைச் சொல்கின்றன. 40 பக்க நோட்டு ஒன்று எப்போதும் கைப்பையில் இருந்தது. நினைவில் வைக்க வேண்டியதை வைக்க முயற்சி செய்வதே இல்லை, உடனே எழுதிவிடுவேன். முக்கியமான வேலையெல்லாம் 12 மணிக்குள். போன் மேசை டிராயரில். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. முழுக்கத் தெளியவில்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில், கீமோ எடுத்துச் சராசரி 21 வருஷம் ஆன பெண்களைச் சோதித்து 2012இல் எழுதியிருக்கிறார்கள், அப்போதும் சிறிய அளவில் வித்தியாசம் இருந்தது. அவர்கள் எடுத்தது பழைய மருந்துக் கூட்டு, என்னுடையது வேறு. இருந்தாலும் "ஆறு மாசத்துல சரியாயிடும்" என்று நாள் குறிப்பதை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

2022இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12க்குக் காத்திருக்காமல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். குறுவைக்குப் பயிர்க்கடன் கேட்டுச் சிட்டா, அடங்கலோடு சங்க வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆள் போதவில்லை. கவுண்டருக்கு வருகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு. ஒரு அட்டையில் மார்க்கரால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்: பணம் எண்ணும்போது பேசாதீர்கள். எண்ணி முடித்ததும் நானே பேசுகிறேன்.

ஊரில் அது பெரிய பேச்சாகிவிட்டது. "பாங்கில பேசக்கூடாதுன்னு சட்டம் வந்துருச்சா?" என்றார்கள். உடம்பு தேறி வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றும் ஒருத்தி சொன்னாளாம். கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன், மருந்து போட்டதில் என் தலை ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கிறது என்று. அந்தப் பெரியவரும் வந்தார். நவம்பருக்கு அப்புறம் அவர் என் பக்கமே வந்ததில்லை. அவருக்கும் சொன்னேன். "எனக்கு மருந்து போடாமலே அப்பிடித்தானே பாப்பா இருக்கு" என்றார். ஒரு வருஷமாக யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று தைத்த வார்த்தை. அன்று சிரிப்பு வந்தது.

ஜூன் கடைசியில் மறுபடி வந்தார். கட்டை எடுத்தேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையையும் கண்ணாடி மேல் வைத்து நின்றார். பின்னால் யாரோ எதையோ கேட்க, திரும்பி "இரு, பாப்பா எண்ணுது" என்று அதட்டினார். 100 வந்தது. மிஷினில் போட்டேன். 100.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது பெரியப்பா. சொல்லுங்க."

"பேத்தி பொறந்துருக்கு. மூணு நாளாச்சு. வந்ததுலேருந்து சொல்லணும்னு நிக்கிறேன்."

என்ன பேர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அடுத்த கட்டை எடுப்பதற்கு முன்னால் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.